புற்றுநோய் மருந்துச் சீட்டில் மனச்சோர்வு மாத்திரை எழுதப்படுவது ஏன்?

கீமோதெரபி முடிந்து வீடு திரும்பிய ஒருவர், பாத எரிச்சலுக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்க்கிறார். ‘மனச்சோர்வுக்கான மருந்து’ என்று திரையில் வருகிறது. வலி மெய்யானதல்ல, எல்லாம் மனப்பிரமை என்று மருத்துவர் கருதிவிட்டாரோ என்ற ஐயம் அவருக்கு எழுகிறது. மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே அலமாரியில் தங்கிவிடுவதும் உண்டு.

இந்த ஐயத்துக்கு அடிப்படை இல்லை. மனச்சோர்வுக்கென உருவாக்கப்பட்ட சில மருந்துகள், மனச்சோர்வு சிறிதும் இல்லாத புற்றுநோயாளிகளுக்கும் நரம்பு வலி, உடல் திடீரெனச் சூடேறுதல், தூக்கமின்மை போன்ற தொல்லைகளைத் தணிக்கத் தரப்படுகின்றன. அதே நேரத்தில், இந்த வகை மருந்துகளில் ஒன்றிரண்டு புற்றுநோய் மருந்தின் வேலையையே தடுக்கக்கூடியவை. ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படும் இந்தியாவில், நோயாளிகளும் குடும்பத்தினரும் இந்த இரண்டையும் அறிந்திருப்பது அவசியம்.

நரம்பு வலிக்கு எவ்வாறு உதவுகிறது?

பக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின் போன்ற கீமோதெரபி மருந்துகள் கை, கால்களின் நுனி நரம்புகளைப் பாதிக்கக்கூடியவை. விரல்கள் மரத்துப் போகும். எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் எரிச்சலும் தோன்றும். சட்டைப் பொத்தான் போடுவது கடினமாகும். காலில் இருந்து செருப்பு கழன்றதுகூடச் சிலருக்குத் தெரிவதில்லை. சிகிச்சை முடிந்து மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கடந்தும் இது நீடிக்கலாம்.

மூளையில் இருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் நரம்புப் பாதைகளுக்கு, மேலேறும் வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் ஆற்றல் உண்டு. அந்தப் பாதைகள் செரோட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரு வேதிப்பொருள்களைக் கொண்டே இயங்குகின்றன. டுலோக்செட்டின் என்ற மருந்து இவ்விரண்டும் நரம்புமுனைகளில் கூடுதல் நேரம் தங்கச் செய்கிறது. மனநிலைக்கும் வலிக்கும் ஒரே மருந்து பயன்படுவதன் காரணம் இதுவே.

அமெரிக்காவில் 231 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், முதல் வாரம் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம், அடுத்த நான்கு வாரங்கள் 60 மில்லிகிராம் எனும் அளவில் டுலோக்செட்டின் தரப்பட்டது. மருந்து எடுத்தவர்களில் 59 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது. மருந்தற்ற போலி மாத்திரை எடுத்தவர்களில் இது 38 சதவீதம். கீமோதெரபியால் ஏற்பட்ட நரம்பு வலிக்கு அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைத்த ஒரே மருந்தும் இதுதான். ஆனால் பலன் மிதமானதே. சேதமடைந்த நரம்பை இது சீராக்குவதில்லை. பாதிப்பு வராமல் தடுக்கவும் இது தரப்படுவதில்லை.

டுலோக்செட்டினுக்கு நெடுங்காலம் முன்பே நரம்பு வலிக்குப் பயன்பட்ட மலிவான மருந்து அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கு வழக்கமாக 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படும் நிலையில், வலிக்கு இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். வாய் உலர்தல், மலச்சிக்கல், பகலிலும் தொடரும் மயக்கம் ஆகியவை இதன் குறைகள். முதியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பையும் ஏற்படுத்தலாம் என்பதால் கவனம் தேவை.

டமாக்சிஃபென் எடுப்போர் கவனத்துக்கு

இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். அதில் ஹார்மோன் சார்ந்த வகைக்கு டமாக்சிஃபென் மாத்திரை ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தரப்படுகிறது. ஈஸ்ட்ரோஜனின் செயலை அது தடுப்பதால், உடல் திடீரெனச் சூடேறி வியர்த்துக் கொட்டும் தொல்லை பலருக்கு வருகிறது. ஹார்மோன் மாத்திரை கொடுத்து இதைச் சரிசெய்வது இவர்களுக்கு உகந்ததல்ல. இங்குதான் வென்லாஃபாக்சின் உதவுகிறது. 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு இத்தொல்லை 61 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 27 சதவீதம்.

சிக்கல் எழுவதும் இதே இடத்தில்தான். டமாக்சிஃபெனைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதி எண்டாக்சிஃபெனாக மாற்றுகிறது. புற்றுநோய் அணுக்களுக்கு எதிரான வேலையின் பெரும்பகுதியைச் செய்வது எண்டாக்சிஃபென். பரோக்செட்டின், ஃப்ளூஆக்செட்டின் என்ற இரு மனச்சோர்வு மருந்துகள் அந்த நொதியை வலுவாக முடக்குகின்றன. அப்போது டமாக்சிஃபென் தவறாமல் உட்கொள்ளப்பட்டாலும் உடலில் எண்டாக்சிஃபென் அளவு குறைந்துவிடுகிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2,430 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, டமாக்சிஃபெனுடன் பரோக்செட்டின் எடுத்த காலம் நீள நீள, மார்பகப் புற்றுநோயால் இறக்கும் அபாயமும் கூடியதாகத் தெரிவித்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அனைத்தும் இதை உறுதிப்படுத்தவில்லை. எனினும், நொதியை அவ்வளவாகப் பாதிக்காத வென்லாஃபாக்சின் போன்ற மாற்று மருந்துகள் இருக்கும்போது அந்த இரண்டையும் தவிர்ப்பதே மருத்துவ வழக்கம். புற்றுநோய்க்கு ஓரிடத்திலும் மனச்சோர்வுக்கு வேறிடத்திலும் சிகிச்சை பெறுவோரிடம் இந்தச் சேர்க்கை கவனிக்கப்படாமல் போகலாம். மனநல மருத்துவரிடம் செல்வதையே மறைக்கும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

பசிக்கும் தூக்கத்துக்கும்

மிர்டாசபின் தூக்கத்தை வரவழைக்கும். உடல் எடையைக் கூட்டுவது அதன் பக்கவிளைவு. மெலிந்துபோன புற்றுநோயாளிகளுக்கு அந்தப் பக்கவிளைவே பயனாகுமா என்று பார்த்த ஆய்வுகளில், போலி மாத்திரையைவிடப் பசியை அது தெளிவாகக் கூட்டவில்லை. பசிக்கு நம்பிக்கை தரும் முடிவு புதுச்சேரி ஜிப்மரில் இருந்து வந்தது. அங்கு ஆராயப்பட்ட ஓலான்சபின் மனச்சோர்வு மருந்தல்ல, மனச்சிதைவுக்குத் தரப்படுவது. வயிறு, கல்லீரல், கணையம், நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் 12 வாரங்கள் தரப்பட்டதில், 60 சதவீதத்தினரின் எடை 5 சதவீதத்துக்கும் மேல் கூடியது. மற்றொரு பிரிவில் அது 9 சதவீதம் மட்டுமே. 2023இல் இந்த ஆய்வு வெளியானது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

வலி நிவாரணியான டிராமடாலையும் செரோட்டோனினைக் கூட்டும் இம்மருந்துகளையும் சேர்த்து எடுத்தால், நடுக்கம், காய்ச்சல், குழப்பம் ஆகியவற்றுடன் கூடிய ஆபத்தான நிலை அரிதாக ஏற்படலாம். இவற்றில் சில இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுவதால், கீமோதெரபியால் தட்டணுக்கள் குறைந்தவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு டுலோக்செட்டின் ஏற்றதல்ல. எனவே ஒவ்வொரு முறையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுவது நல்லது.

பலன் தெரியவில்லை என்று ஓரிரு நாளில் நிறுத்திவிடுவது பரவலான தவறு. வலி குறைய சில வாரங்கள் பிடிக்கலாம். தொடர்ந்து எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், பதற்றம் வரும். மருத்துவரின் ஆலோசனைப்படி அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

உண்மையான மனச்சோர்வும் புற்றுநோயாளிகளிடம் அரிதல்ல. ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு அது இருப்பதாக 2011இல் வெளியான தொகுப்பாய்வு தெரிவித்தது. சோர்வு, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை புற்றுநோயாலும் வருவதால் அது எளிதில் பிடிபடுவதில்லை. எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் புற்றுநோய் மருத்துவரிடமே அதைக் கூறலாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.