உன்னைப்போல் ஒருவன் (1965 திரைப்படம்)

உன்னைப்போல் ஒருவன் 1965 ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். எழுத்தாளர் ஜெயகாந்தன், ஆனந்த விகடனில் தாம் எழுதிய இதே பெயருடைய புதினத்தைத் தாமே இயக்கினார். அவர் இயக்கிய முதற்படம் இதுவாகும். 2009 இல் கமல்ஹாசன் நடித்து வெளிவந்த படத்திற்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை.

கதை

சென்னைச் சேரி ஒன்றில் வாழும் சித்தாள் தங்கம், அவளுடைய மகன் சிட்டி, கிளி சோசியம் பார்க்கும் மாணிக்கம் ஆகியோரே முதன்மைப் பாத்திரங்கள். தாயின் வாழ்வில் வேறொருவன் வருவதைச் சிறுவனால் ஏற்க இயலவில்லை. மூவரில் எவரையும் தீயவராகக் காட்டாமல் கதை நகர்கிறது.

தயாரிப்பும் வெளியீடும்

ஆசிய ஜோதி பிலிம்ஸ் என்ற பெயரில் சிறு முதலீட்டில் படம் தயாரிக்கப்பட்டது. காந்திமதி, பிரபாகர் முதலியோர் நடித்தனர். வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். நட்சத்திர நடிகர்களும் இல்லை, பாடல்களும் இல்லை.

இடையூறு இங்குதான் தொடங்கியது. அக்காலத்தில் விநியோகஸ்தர்கள் நடிகரின் பெயரையும் பாடல்களையும் கணக்கிட்டே, ஏரியா வாரியாக முன்பணம் கொடுத்தனர். அவ்விரண்டும் இல்லாத படத்தை மதிப்பிட அவர்களிடம் அளவுகோலே இல்லை எனலாம். எங்க வீட்டுப் பிள்ளையும் திருவிளையாடலும் வெளிவந்த ஆண்டு அது. சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி பாதியில் நின்றபோது மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து முடிக்க உதவியது. ஜெயகாந்தனுக்கு அத்தகைய துணை கிட்டவில்லை. திரைப்பட நிதிக் கழகம் 1960 இலேயே தொடங்கப்பட்டிருந்தாலும், புதிய முயற்சிகளுக்கு அது தாராளமாகக் கடன் வழங்கியது 1960களின் இறுதியில்தான். எனவே படம் பரவலாகத் திரையிடப்படவில்லை.

விருது

1964 ஆம் ஆண்டுக்கான 12 ஆவது தேசிய திரைப்பட விருதுகளில், அகில இந்திய அளவில் மூன்றாவது சிறந்த படத்திற்கான தகுதிச் சான்றிதழ் இதற்குக் கிடைத்தது. முதலிடம் பெற்றது ராயின் சாருலதா, இரண்டாமிடம் ஹகீகத். நாடு முழுவதிலிருந்தும் வந்த படங்களுள் மூன்றாவதாகத் தேர்வு பெற்ற ஒன்றைச் சொந்த ஊர் ரசிகர்களே அதிகம் பார்க்க வாய்க்கவில்லை என்பது வியப்புக்குரியது.

பின்னர்

1966 இல் ஜெயகாந்தன் தம் மற்றொரு கதையான யாருக்காக அழுதான் என்பதை இயக்கினார். இம்முறை நாகேஷ், கே. ஆர். விஜயா போன்ற அறிமுகமான நடிகர்கள் இருந்தனர். சில நேரங்களில் சில மனிதர்கள் (1977) புதினத்தைப் படமாக்கியவர் ஏ. பீம்சிங். தம் திரையுலக நாட்களை ஜெயகாந்தன் "ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்" என்னும் நூலில் எழுதியுள்ளார்.