கையெழுத்துப் போடும் முன்...

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் மாசம் லட்ச ரூபாய் சம்பளம் வாங்கின என் தம்பியைப் போன வருஷம் திடீரென்று கூப்பிட்டு, "ராஜினாமா எழுதிக் கொடு, இல்லேன்னா டிஸ்மிஸ்" என்று சொல்லிவிட்டார்கள். "பெரிய சம்பளக்காரனுக்கு லேபர் கோர்ட்டெல்லாம் கிடையாதாம்க்கா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆலங்குடிக்கு வந்து சேர்ந்தான்.

புதுக்கோட்டையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். "சம்பளம் மட்டும் கணக்கில்லைம்மா. மேனேஜர், சூப்பர்வைசர் வேலையா இல்லாம தொழில்நுட்ப வேலை பார்த்தா, சட்டப்படி தொழிலாளிதான்" என்றார். டி.சி.எஸ். 2015-ல் நீக்கிய ஒருவரை, 'அவர் மேனேஜர்' என்று கம்பெனி வாதாடியும், 2022-ல் சென்னை லேபர் கோர்ட் தொழிலாளி என்றே சொல்லி, வேலையையும் பாக்கிச் சம்பளத்தையும் கொடுக்க உத்தரவிட்டதாம். ஏழு வருஷம் போராடியிருக்கிறார்!

"ஆனா உங்க தம்பி தானாவே விலகுறதா எழுதிக் கொடுத்துட்டாரே. மிரட்டி வாங்கினாங்கன்னு இனி நாமதானே நிரூபிக்கணும்?" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

சகோதரிகளே, வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். நீக்குவதாக இருந்தால் கம்பெனியே எழுத்தில் கொடுக்கட்டும். எதிலும் கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்கு ஒரு போன் போடட்டும்.

- ஒரு வாசகி, ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.