உங்களுக்குத் தெரியுமா? புள்ளி வைத்துக் கோடு போட்டால்...

தாளில் சில புள்ளிகள் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோடு போட்டு இணையுங்கள். ஒரு ஜோடிகூட விடுபடக் கூடாது. இதுதான் முழுக் கோட்டுரு. கிராஃப் தியரி எனப்படும் கோட்டுருவியலில் சின்னக் குழந்தையும் வரையக்கூடிய உருவம் இது. பெரிய மேதைகளை ஆயுள் முழுக்க யோசிக்க வைத்த உருவமும் இதுவே.

● 45 ஆட்டம் எப்படி வந்தது?
2023 உலகக் கோப்பை கிரிக்கெட்டில் 10 அணிகள். லீக் சுற்றில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒருமுறை மோதியது. மொத்தம் 45 ஆட்டங்கள். 10 புள்ளிகள் கொண்ட முழுக் கோட்டுருவில் இருக்கும் கோடுகளும் 45தான். புள்ளிக்கு 9 கோடு என்றால் 90. ஒரே கோட்டை இரண்டு முனையிலிருந்தும் எண்ணிவிடுவதால் அதில் பாதி. கல்யாண மண்டபத்தில் 100 பேர் ஒருவர் விடாமல் கைகுலுக்கிக்கொண்டால், அது 4,950 கைகுலுக்கல்!

● அட்டவணை போடும் வழி
பள்ளி விளையாட்டு விழாவுக்கு 10 அணிகளா? ஓர் அணியை நடுவில் எழுதி, மற்ற 9 அணிகளைச் சுற்றிலும் வட்டமாக எழுதுங்கள். நடு அணிக்கும் உச்சியில் உள்ள அணிக்கும் ஓர் ஆட்டம். மீதி அணிகளில், இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் அதற்கு நேரே இருப்பதோடு ஆடும். அடுத்த சுற்றுக்கு வட்டத்தை ஓர் இடம் நகர்த்துங்கள். 9 சுற்றில் 45 ஆட்டமும் முடிந்துவிடும். எந்த ஜோடியும் இரண்டு முறை வராது.

● வரிசை நிச்சயம் உண்டு
டிரா இல்லாத லீக் போட்டியில் முடிவுகள் எப்படித் தாறுமாறாக வந்தாலும், எல்லா அணிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தலாம். முதல் அணி இரண்டாவதை வென்றிருக்கும், இரண்டாவது மூன்றாவதை வென்றிருக்கும், கடைசி வரை அப்படியே. ஹங்கேரியின் லாஸ்லோ ரெடெய் 1934-இல் நிரூபித்தது இது.

● 15 மாணவிகள், 7 நாட்கள்
15 மாணவிகள் தினமும் மூன்று மூன்று பேராக நடக்கப் போகிறார்கள். ஒரு வாரத்தில் எந்த இருவரும் ஒருமுறைக்கு மேல் ஒரே குழுவில் வரக் கூடாது. முடியுமா? 1850-இல் தாமஸ் கர்க்மன் என்ற ஆங்கிலப் பாதிரியார் போட்ட புதிர் இது. 15 பேரில் 105 ஜோடிகள் உண்டு. நாளொன்றுக்கு 15 ஜோடி வீதம் 7 நாளில் கணக்குச் சரியாக முடிகிறது. அப்படி முடிவதால் மட்டும் குழுக்கள் அமைந்துவிடாது. ஆனால் இங்கே உண்மையிலேயே அமைகின்றன! எத்தனை பேருக்கு இப்படி அமைக்க முடியும் என்பதற்கான பொது விடையை, கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் படித்த திஜென் ராய்சௌத்ரியும் ரிச்சர்ட் வில்சனும் 1971-இல் வெளியிட்டார்கள். சீனாவில் பள்ளி ஆசிரியராக இருந்த லூ ஜியாஷி, 1960-களிலேயே விடை கண்டிருந்தார். அவர் எழுதியது அப்போது அச்சேறவில்லை. அந்த ஆசிரியரின் பெயரையும் நாம் மறக்கக் கூடாது.

● 10 ஊர், 10 கோடி வழி
10 ஊர்களை 9 சாலைகளால் இணைக்க வேண்டும். எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் போக வழி வேண்டும். இதை எத்தனை விதமாகச் செய்யலாம்? சரியாக 10 கோடி! ஊர்களின் எண்ணிக்கையை, அதைவிட இரண்டு குறைவான அடுக்குக்கு உயர்த்தினால் விடை வந்துவிடும். 4 ஊர் என்றால் 16, 5 ஊர் என்றால் 125. ஆர்தர் கெய்லி பெயரால் வழங்கும் சூத்திரம் இது.

● ஐந்து வந்தால் சிக்கல்
4 புள்ளிகளைக் கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் இணைத்துவிடலாம். 5 புள்ளிகளில் அது நடக்காது. எவ்வளவு வளைத்து நெளித்துப் போட்டாலும் ஒரு வெட்டாவது விழும். 6 புள்ளிகளில் குறைந்தது 3 வெட்டு.

● செங்கல் சூளையில் பிறந்த கணக்கு
1944. ஹங்கேரியக் கணித அறிஞர் பால் டுரான், புடாபெஸ்ட் அருகே செங்கல் ஆலை ஒன்றில் கட்டாய வேலை முகாமில் இருந்தார். ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு கிடங்குக்கும் தண்டவாளம். வண்டிகளைத் தள்ளுவது சிரமமில்லை. தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் வண்டி குதித்து, கல் சரிந்து விழும். வெட்டுகளை எவ்வளவு குறைக்கலாம் என்று அந்தத் துன்பத்திலும் அவர் மனம் கணக்குப் போட்டது. அந்தக் கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை.

● உளுந்து வடை மேல் 7 புள்ளி
தாளில் 5 புள்ளிக்கே வழியில்லை. நடுவில் ஓட்டை உள்ள உளுந்து வடையின் மேல் வரைந்தால்? 7 புள்ளிகளையும் 21 கோடுகளால் ஒரு வெட்டும் இல்லாமல் இணைக்கலாம். 8 புள்ளிக்கு ஓர் ஓட்டை போதாது. எத்தனை புள்ளிக்கு எத்தனை ஓட்டை வேண்டும் என்பதை கணித அறிஞர்கள் ரிங்கெலும் யங்ஸும் 1968-இல் முழுமையாகக் கண்டுபிடித்தார்கள்.

● ஆறு பேர் போதும்
எந்த ஆறு பேரைச் சேர்த்தாலும், அதில் ஒருவரையொருவர் அறிந்த மூவரோ, ஒருவரையொருவர் அறியாத மூவரோ கட்டாயம் இருப்பார்கள். எப்படி? ஆறில் ஒருவர் கமலா என்று கொள்வோம். மற்ற ஐவரில் மூவரையாவது கமலாவுக்குத் தெரியும், அல்லது மூவரையாவது தெரியாது. தெரிந்த மூவர் என்றால், அவர்களுக்குள் இருவர் அறிமுகமானவர்களாக இருந்தாலே கமலாவோடு சேர்த்து மூவர் ஆயிற்று. அப்படி யாரும் இல்லையா? அந்த மூவருமே ஒருவரையொருவர் அறியாதவர்கள். தெரியாத மூவர் என்றாலும் இதே வாதம்தான். இத்தகைய கணக்குகளுக்கு வித்திட்ட ஃபிராங்க் ராம்சே, 1930-இல் 26 வயதில் இறந்துபோனார்.

● 43-ஆ, 46-ஆ?
மூவருக்குப் பதில் நால்வர் வேண்டுமானால் 18 பேர் தேவை. 1955-இல் கிடைத்த விடை. ஐவர் வேண்டுமானால்? 43, 44, 45, 46 ஆகிய நான்கில் ஒன்று என்பது வரை வந்திருக்கிறார்கள். 43 பேரில் 903 ஜோடிகள். தெரியும், தெரியாது என்று அவற்றைக் குறிக்கும் விதங்களை எண்ணினால் 272 இலக்க எண் வரும். எந்தக் கணினியும் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்காது. இங்கே வேண்டியது புதிய யோசனை.

இன்று இரவு வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஆறு புள்ளி வைத்து, எல்லா ஜோடிகளையும் கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். கோடுகளுக்குச் சிவப்பும் நீலமும் இஷ்டம்போல் தீட்டட்டும். ஒரே நிறத்தில் ஒரு முக்கோணம் கட்டாயம் விழும். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை விடையைச் சொல்லாதீர்கள்.