எண்ணிக்கையும் தெளிவும்

புதிய கமரா ஒன்றையோ கமரா பொருத்திய கைத்தொலைபேசியையோ வாங்கச் செல்பவர் கடையிலே முதலிற் செவிமடுப்பது, "எத்தனை மெகாபிக்சல்?" என்னும் வினாவையேயாம். 12 இலும் 48 மேலானது, 48 இலும் 108 மேலானது என்று நம்பி, மாதக்கணக்கிற் சேமித்த பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முன்னாளிற் படச்சுருள் இருந்த இடத்தில் இன்று ஒளியுணரும் தகடு ஒன்று இருக்கின்றது. அது பிக்சல் எனப்படும் நுண்ணிய கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. 10 இலட்சம் கட்டங்கள் ஒரு மெகாபிக்சல். 1975 இல் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியியலாளர் அமைத்த கருவியில் 10,000 கட்டங்களே இருந்தன. அந்நிலையில் எண்ணிக்கை பெருகப் பெருகப் படமும் தெளிவடைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வளர்ச்சிக்கு ஓர் எல்லையுண்டு.

நாம் வழக்கமாக அச்சிடும் 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமுமுள்ள படத்தை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் கணக்கிட்டால், ஏறக்குறைய 2 மெகாபிக்சல் போதுமானது. 12 மெகாபிக்சல் இருப்பின் 13 அங்குலத்துக்கு 10 அங்குலப் படத்தையே நன்கு அச்சிடலாம். மேலும், படத்தின் நீளத்தையும் அகலத்தையும் இருமடங்காக்குவதற்கு 24 போதாது. நான்கு மடங்காகிய 48 வேண்டும்.

ஒரு பரப்புக் காணியைப் பத்துப் பாத்தியாகப் பிரித்தாலும் நூறு பாத்தியாகப் பிரித்தாலும், அதில் விழும் மழை ஒன்றே. ஒளியும் அவ்வாறே. தகட்டின் பரப்பைக் கூட்டாது கட்டங்களை மாத்திரம் பெருக்கினால், ஒவ்வொரு கட்டத்துக்குங் கிடைக்கும் ஒளி குறைகின்றது. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பார்க்கும்போது மணல் தூவினாற்போலத் தோன்றுவதற்கு இதுவே பெருங் காரணம். இதனாலேதான் 48 மெகாபிக்சல் என விளம்பரஞ் செய்யப்படும் கைத்தொலைபேசிகளிற் பல, நான்கு கட்டங்களை ஒன்றாக இணைத்து, 12 மெகாபிக்சற் படத்தையே வழக்கமாகத் தருகின்றன. 2014 இல் வெளிவந்த சோனி ஏ7எஸ் கமராவில் ஏறக்குறைய 12 மெகாபிக்சலே உண்டு. எனினும் அதன் தகடு 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமுங் கொண்டதாகையால், இருளிலே படம்பிடிப்பதற்கு அது பெயர்பெற்றது.

வில்லையின் தரமும் மறக்கற்பாலதன்று. வில்லை தெளிவாகக் காட்டாததை எத்தனை கோடி கட்டங்களாலும் பதிவுசெய்ய முடியாது.

அப்படியாயின் மிகுந்த மெகாபிக்சல் பயனற்றதோ? அன்று. பெரிய சுவரொட்டி அச்சிடுவோருக்கும், படத்தின் ஒரு மூலையை வெட்டியெடுத்துப் பெருப்பிப்போருக்கும், பழைய ஏடுகளைப் படியெடுப்போருக்கும் அது பெரிதும் உதவும். மற்றையோர் தகட்டின் அளவையும் வில்லையையும் முதலில் விசாரித்தல் நன்று. கடையின் மங்கலான மூலையிலே ஒரு படம் எடுத்துப் பார்த்தலும் தகும். மாலை விளக்கொளியிற் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பாட்டியின் முகத்தை மறுமுறை எடுக்க நமக்கு வாய்ப்புக் கிட்டாமற் போகலாம். அந்த வேளையிற் கைகொடுப்பது பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணன்று. கருவி சேர்த்துக்கொள்ளும் ஒளியேயாம்.