மாடியறையில் சலவை இயந்திரம்

வெளியூரில் படிக்க வந்த மாணவனுக்குக் கவலைகள் இரண்டு. ஒன்று சாப்பாடு, மற்றொன்று சலவை. இரண்டாவது கவலை தீர, தில்லியில் மாடியறை எடுத்துத் தங்கியிருக்கும் நாங்கள் மூவர் கூட்டாக ஒரு சலவை இயந்திரம் வாங்கினோம். குளியலறையில் இடமில்லை, ஆகவே படுக்கையறையிலேயே நிறுவினோம். "அது நடக்குமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நடக்கும். ஆனால் வாங்குமுன்பே மூன்று வழிகளைச் செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டும்: நீர் வரும் வழி, நீர் போகும் வழி, மின்சாரத்தின் வழி.

தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, தண்ணீருக்கு என்ன குறை என்று எண்ண வேண்டாம். நீரின் அழுத்தம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரம் இருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டருக்கு 0.3 பார்தான். கீழ்வீட்டில் சீறிப் பாயும் நீர் மாடியில் சோம்பி ஒழுகுவது இதனால்தான். இயந்திரத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம் அதன் கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்த பின்பே விலை பேசுங்கள்.

அடுத்தது கழிவுநீர். படுக்கையறைத் தரையில் நீர் வடிய வழி ஏது? குளியலறையை ஒட்டிய சுவரோரம் இயந்திரத்தை வைத்து, வீட்டுக்காரரின் இசைவு பெற்றுச் சுவரில் துளையிட்டு, குழாயை அப்பால் விட்டோம். அதன் நுனி கையேடு சொல்லும் உயரத்தில் இருக்க வேண்டும். மிகத் தாழ்ந்தால் துவைக்கும்போதே நீர் வடிந்துவிடும். சலவை முடிந்ததும் நீர்க்குழாயை மூடிவிடுவது எங்கள் வழக்கம். வெளியே செல்லும்போதும் உறங்கும்போதும் இயந்திரத்தை ஓட்டுவதில்லை. இங்கே ஒழுகும் நீர் கீழ்வீட்டார் கட்டிலின்மேல் அன்றோ விழும்!

மூன்றாவது, உயிரைப் பற்றியது. 2000 வாட் வெந்நீர்ச் சாதனம் உள்ள இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும்; நீட்டிப்புக் கம்பி ஆகாது. பழைய வீடுகளில் சிலவற்றில் பிளக்கின் மூன்றாவது துளை மட்டும் இருக்கும். அதற்குப் பின்னே எர்த் கம்பி இராது. மின்பணியாளரைக் கொண்டு அதைச் சோதித்தறியுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்திக்கொள்ளுங்கள். ஈரக்கையோடு தொடும் இயந்திரம் இது.

இனி அதிர்வு. முன்புறம் கதவுள்ள இயந்திரம் மிகக் கனமானது. வண்டியில் வரும்போது உருளை ஆடாதிருக்கப் பின்புறம் போல்ட்டுகளை முடுக்கியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் அறையே அதிரும். நான்கு கால்களும் சமமாக நிற்க வேண்டும். கனத்த போர்வை ஒன்றை மட்டும் போட்டால் பாரம் ஒருபக்கம் சாயும். சில சிறு துணிகளையும் சேர்த்துப் போடுங்கள்.

இவ்வளவும் செய்த பின், இயந்திரம் உழைக்கும் நேரம் நமக்குப் படிப்பு நேரம். ஐயமுள்ள நண்பர்கள் ஞாயிறன்று நேரில் வந்து பார்க்கலாம்; அழுக்குத் துணியை மட்டும் உடன் கொண்டுவர வேண்டாம்!