கார் மலிவாகிறது; அதை நிறுத்த நிலம் யாரிடம் இருக்கிறது?

சிறிய மின்சாரக் கார்கள் எளிய மக்களின் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டன எனச் சொல்லப்படுகிறது. 2001இல் பெங்களூரின் ரேவா தொடங்கிவைத்த பாதையில், 2022இல் டாடா டியாகோ 8.49 லட்சம் ரூபாய்க்கும், 2023இல் எம்.ஜி. காமெட் 7.98 லட்சம் ரூபாய்க்கும் அறிமுகமாயின. 3 மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள காமெட், விருத்தாசலம் போன்ற ஊர்களின் நெரிசலான தெருக்களுக்கு ஏற்றதே. ஆயினும், இவ்வண்டி யாருக்கானது என்பதை விலையைக் கொண்டு மட்டும் முடிவு செய்துவிட முடியாது.

முதலில் அரசின் சலுகையைக் காண்போம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட சாலை வரி, 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 13 விழுக்காடு. மின்சாரக் காருக்கோ முழு விலக்கு. 8 லட்சம் ரூபாய் வண்டியில் ஏறத்தாழ 1 லட்சம் ரூபாய் மிச்சம். வாங்க இயன்றவருக்கே இது போய்ச் சேர்கிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவரின் நிலை வேறு. 2019இல் வந்த ஒன்றிய அரசின் ஃபேம்-2 திட்டம் வாடகை மின்சாரக் கார்களுக்கு மானியம் அளித்தது. 2024இல் அதன் இடத்துக்கு வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் கார்களுக்கு மானியமே இல்லை.

அடுத்தது, மின்னேற்றம். காமெட்டின் பேட்டரி 17.3 யூனிட் கொள்ளளவு உடையது. 3.3 கிலோவாட் சார்ஜரில் அது நிரம்ப ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகும். இரு மாதங்களுக்கு அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் ஆறு முறைகூட முழுமையாக நிரப்பப் போதாது. இரவெல்லாம் வண்டி நிற்கச் சொந்த மனை வேண்டும்; கார் நுழையும் அளவுக்குத் தெரு வேண்டும்; சுமை தாங்கும் மின் இணைப்பும் வேண்டும். பட்டாவுக்காக ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருக்கும் சேரிக் குடும்பத்திடம் இவற்றில் எது இருக்கிறது? 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மின்கம்பிகளுக்கான பீங்கான் இன்சுலேட்டர்களைச் செய்து தந்த நகரத்தைச் சுற்றியே இக்கேள்வி எழுகிறது.

சாதியச் சமூகத்தில் வாகனம் வெறும் போக்குவரத்துக் கருவி அன்று. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகத் தலித் கல்லூரி மாணவர் ஒருவர் வெட்டப்பட்டதாக எழுந்த புகாரை நாம் மறக்கவில்லை. வண்டி வாங்குவதும், அதை அச்சமின்றி வீட்டு வாசலில் நிறுத்துவதும் மாண்பு சார்ந்த உரிமைகள்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. சேரிகளின் சமுதாயக் கூடங்களையும் அரசு நிலங்களையும் ஒட்டிப் பொது மின்னேற்ற நிலையங்கள் அமைய வேண்டும். 35 விழுக்காடு மானியம் வழங்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், அந்நிலையங்களை நடத்த முன்வரும் நம் இளைஞர்களுக்கு முன்னுரிமை வேண்டும். வாடகைக் கார் ஓட்டுநருக்கான மானியம் மீண்டும் வர வேண்டும். நிலப் பங்கீட்டைத் தொடாத பசுமைக் கொள்கை, பழைய ஏற்றத்தாழ்வைப் புகையின்றித் தொடரவே செய்யும்.