உவர்நீரும் நன்னீர் மீன்குஞ்சுகளும்

வயலோரக் குளத்திலோ தோட்டத்துத் துரவிலோ மீன் வளர்க்க விரும்பும் கமக்காரர்கள், குஞ்சுகளுக்குப் பணம் கொடுக்குமுன் நீரின் உவர்த்தன்மையை அறிந்துகொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்புக் கரையோரங்களில் இது மிக அவசியம். மாரியில் நன்னீராயிருக்கும் துரவு சோளகக் காலத்தில் உவர்த்துவிடுவதை நீங்கள் அறிவீர்கள். கார்த்திகையில் விட்ட குஞ்சு ஆடியிலும் அதே துரவில்தான் வாழவேண்டும்.

நன்னீர் மீனின் குருதியில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக்கு ஈடான உப்புக்கள் உள்ளன. கடல்நீரில் 35 கிராம் வரை உண்டு. நன்னீரில் வெளிநீரிலும் மீனின் உடலிலேயே உப்பு மிகுதி. ஆதலால் பூ எனப்படும் செவுள்களின் வழியாக நீர் ஓயாது உட்புகும். மீன் அதனைச் சிறுநீராகக் கழித்து, உப்பை இழக்காமற் காத்துக்கொள்ளும். வெளிநீர் குருதியிலும் உவர்ப்பாயின் யாவும் தலைகீழாகும். உடலின் நீர் வெளியே இழுக்கப்பட, மீன் நீருக்குள் இருந்தே வரண்டு மடியும். உவர்நீர் ஏறிய வயலில் நாற்றுக் கருகுவதும் இதனையொத்ததே.

குஞ்சின் உடல் சிறிது; அவ்வுடலை நோக்க, நீர் படும் பரப்போ பெரிது. உறுப்புக்களும் முதிராதவை. ஆகவே பெரிய மீன் தாங்கும் உவர்ப்பைக் குஞ்சு தாங்காது. இறவாது தப்பினும் தீன் குறைந்து வளர்ச்சி குன்றும்.

கட்லா, ரோகு, மிரிகால் குஞ்சுகளுக்கு லீற்றருக்கு 2 கிராமுக்கு மேற்படாத நீரே உகந்தது. 5 கிராமை அணுகும் நீரில் அவற்றை விடாதீர்கள். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா உவர்நீருக்கு நன்கு பழகும். எனினும் அதுவும் நன்னீரிலிருந்து நேரே கடல்நீரில் இடப்படின் இறந்துவிடும். உப்பு முற்றிலும் நஞ்சென்று எண்ணவேண்டாம். குஞ்சுகளை ஏற்றிவரும் நீரில் சிறிதளவு உப்பிடுவது அவற்றின் களைப்பைக் குறைக்கும்.

நீரைச் சோதிப்பதற்கு வரட்சி மிகுந்த மாதமே தக்கது. உவர்நீர் பாரமானது, எனவே மேல்நீரோடு அடிநீரையும் எடுத்துச் சோதிப்பியுங்கள். நாவை நம்பவேண்டாம். உவர்க்கிணற்று நீர் குடித்துப் பழகிய நாவுக்கு 2 கிராம் புலப்படாமற் போகலாம்.

குஞ்சுகள் வந்த பொலித்தீன் பையைக் கால் மணி நேரம் நீரில் மிதக்கவிடுக. பின்னர் குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பையினுட் சேர்த்து, அரை மணி நேரமாவது சென்றபின் குஞ்சுகளைத் தாமாகவே வெளியேறவிடுக. கோடையில் நீர் ஆவியாகினும் உப்பு எஞ்சிநிற்கும். ஆதலால் நல்ல நீர் கிடைப்பின் அவ்வப்போது சேர்த்துவருக. கரையோரத் துரவில் இயந்திரத்தால் மிகுதியாக இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறும். அவ்வாறு ஏறத் தொடங்கியதைக் கண்டால், மீன் சிறிதாயினும் உடனே பிடித்துவிடுக.